லிஜ்ஜத் பாப்பட்: சுட்டுப் பார்த்ததும் கணக்குப் பார்த்ததும்

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். லிஜ்ஜத் என்பது பெண்களே உரிமையாளர்களாக இருந்து நடத்துகிற ஓர் அமைப்பு செய்து விற்கிற பாப்பட், அதாவது வடக்கத்தி அப்பளம். அதில் உளுந்து, பஞ்சாபி மசாலா, பாசிப்பருப்பு, பூண்டு என்று நான்கு வகை எங்கள் வீட்டில் மாறி மாறி வந்து போகும். இவற்றில் பஞ்சாபி மசாலாவுக்கு என் ஓட்டு, பூண்டுக்கு வீட்டுக்காரம்மா ஓட்டு, பாசிப்பருப்பு யாரும் கேட்காமலேயே டப்பாவில் கிடந்து கடைசியில் காலியாகும்.

நம்ம ஊர் அப்பளத்தை நினைத்துக்கொண்டு இதை வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். நம்முடையது எண்ணெயில் விழுந்ததும் கொப்புளம் கொப்புளமாக உப்பி, வாயில் வைத்தால் கரைந்து போகும். அதற்கென்று தனி ருசி பெரிதாக இருக்காது, இருக்கவும் வேண்டாம், சாம்பாருக்கும் வத்தக்குழம்புக்கும் பக்கத்துணையாக இருந்தால் போதும். லிஜ்ஜத் அப்படி அடக்கமான ஆள் இல்லை. மாவிலேயே பெருங்காயமும் உடைத்த மிளகும் போட்டு, தனியாக எடுத்துத் தின்பதற்கென்றே செய்தது. வத்தக்குழம்போடு வைத்தால் இரண்டும் சண்டை போடும். தயிர்சாதம், பருப்புச் சாதம், கிச்சடி, அல்லது சாயங்காலம் டீக்கு முன்னால் வெறும் வாய்க்கு, இவற்றுக்குத்தான் சரி.

எண்ணெயில் பொரிப்பதை நான் விட்டுவிட்டேன். சுட்டுத்தான் சாப்பிட வேண்டும். அடுப்பை மிதமாக வைத்து, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து, தீயில் நிற்க விடாமல் முன்னும் பின்னும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஓரங்கள், பிறகு நடு, கடைசியாக இடுக்கி பிடித்திருந்த இடம். பச்சையாக இருக்கும்போது கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், வெந்த இடம் வெளுத்து, சின்னச் சின்னப் புள்ளியாகப் பொங்கி, மங்கிவிடும். சுட்டதும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்கள், எங்கேயாவது இன்னும் ஒளி தெரிந்தால் அந்த இடத்தில் பச்சை மாவு வாசனை அடிக்கும். தீயிலிருந்து எடுத்த உடனே துவண்டுதான் இருக்கும், பதற வேண்டாம், ஒரு நிமிஷம் தட்டில் கிடந்தால் தானாக விறைத்துக்கொள்ளும். அந்தத் துவண்ட நொடியில் கூம்பு மாதிரி சுருட்டி வைத்தால் பொரியோ வெங்காயமோ போட்டுக் கொடுக்கலாம், பிள்ளைகளிடம் நல்ல பெயர் கிடைக்கும். மேலே வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி தூவி எலுமிச்சை பிழிகிற ஆட்கள், தூவியவுடன் சாப்பிட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்துணி.

சரி, இதையெல்லாம் எந்தச் சமையல்காரரும் சொல்வார். எனக்குப் பிழைப்பு சின்னச் சின்னத் தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது, அதனால் ஒரு பாக்கெட்டைப் பிரித்தால் நாக்குக்கு முன்னால் கண்தான் வேலை செய்யும். லிஜ்ஜத் பாக்கெட்டில் அடுக்கை வெளியே எடுத்து ஓரத்தைப் பாருங்கள். கையால் இட்டது என்பது தெரியும், வட்டம் காம்பஸ் வைத்த மாதிரி இருக்காது, ஓரம் கொஞ்சம் நெளிந்திருக்கும். ஆனால் கனம் ஒன்றுபோல இருக்கும். சென்னையில் வாங்கினாலும் மும்பையில் வாங்கினாலும் மிளகு அதே அளவில்தான் கடிபடும். இயந்திரத்தில் வெட்டிய அப்பளத்தில் இது பெரிய விஷயமில்லை. இங்கே இடுவது சுமார் 45,000 பெண்கள், அவரவர் வீட்டில் உட்கார்ந்து, அவரவர் பலகையில், அவரவர் குழவியால். அத்தனை கை பட்டும் ஒரே ருசி வருகிறதென்றால் அந்தத் திறமையைத்தான் நான் மதிப்பிட ஆசைப்படுகிறேன். தொழில்முனைவு என்று மேடையில் பேசுகிறார்களே, அதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1959 மார்ச் 15, பம்பாய் கிர்காவ் பகுதியில் லோஹாணா நிவாஸ் என்ற குடியிருப்பின் மொட்டை மாடி, ஏழு குஜராத்திப் பெண்கள், சமூக சேவகர் சகன்லால் பரேக்கிடம் கடனாக வாங்கிய 80 ரூபாய். அன்றைக்கு இட்டது நான்கு பாக்கெட். அவற்றைத் தங்களுக்குத் தெரிந்த ஒரு புலேஷ்வர் பகுதி வியாபாரியிடம் கொடுத்தார்கள். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2019 வாக்கில் விற்றுமுதல் 1,600 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. வாட்ஸப்பில் வருகிற பார்வர்டு இந்த இடத்தோடு முடிந்துவிடும்: "80 ரூபாயிலிருந்து 1,600 கோடி, உங்களாலும் முடியும்!" அடியில் இரண்டு கைகூப்பு. நடுவில் இருக்கிற அறுபது வருஷத்தை யாரும் பார்வர்டு செய்வதில்லை. எனக்கு அந்த அறுபது வருஷத்தில்தான், அதிலும் முதல் மூன்று நான்கு வருஷத்தில்தான், ஆர்வம்.

முதல் வருஷம் மொத்த விற்பனை 6,196 ரூபாய். அந்த வருஷ மழைக்காலத்தில் நான்கு மாதம் வேலையே நின்றுபோனது, மொட்டை மாடியில் வெயில் இல்லாமல் பாப்பட் எப்படிக் காயும்? பம்பாய் மழை தெரிந்தவர்களுக்கு இதன் வலி புரியும். அடுத்த வருஷம் என்ன செய்தார்கள் என்றால், ஒரு கட்டிலும் ஒரு ஸ்டவ்வும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் பாப்பட்டைப் பரப்பி, கட்டிலுக்கு அடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காயவைத்தார்கள். அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இதே நிலையில் நான் பார்த்த சிறுதொழில்காரர்கள் பாதிப்பேர் முதலில் டிரையருக்குக் கொட்டேஷன் வாங்குவார்கள், அப்புறம் மானியத்துக்கு மனு போடுவார்கள், மனு மேஜை மேஜையாகப் போவதற்குள் அடுத்த மழையும் வந்துவிடும். மானியம் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை, கிடைத்தால் வாங்குங்கள். ஆனால் இந்த மழைக்கு இன்றைக்கு என்ன என்று கேட்கத் தெரிந்த ஆளுக்குத்தான் அந்த மானியமும் உதவும்.

இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு தரத்தில் பாப்பட் போட்டார்கள், நல்லது ஒன்று, விலை குறைவாக விற்க மட்டமானது ஒன்று. யார் செய்தாலும் முதலில் தோன்றுகிற யோசனைதான், எல்லா வாடிக்கையாளரையும் பிடிக்கலாமே என்று. பரேக் அதைத் தடுத்தார். தரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், ஒரே தரம் போடுங்கள், கணக்கைச் சரியாக எழுதுங்கள் என்பது அவர் சொன்ன அறிவுரை. அவர்களும் மட்டச் சரக்கை நிறுத்திவிட்டார்கள். வாரத்துக்கு ரெண்டு பைசா வருமானமே பெரிதாக இருந்த காலத்தில் விற்கிற சரக்கை நிறுத்துவதற்குத் தனித் தெம்பு வேண்டும். யாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை என்பதையும் ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொண்டார்கள், நஷ்டம் வந்தாலும் சரி. கடன் வாங்கினார்கள், திருப்பிக் கொடுத்தார்கள்.

மூன்றாவது வருஷம் முந்நூறு பேருக்கு மேல் சேர்ந்ததும் மாடியில் உட்கார இடமில்லை. அங்கேதான் இப்போதிருக்கிற முறை பிறந்தது. மாவை ஓர் இடத்தில் பிசைந்து, எடை போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போய் இட்டு, காயவைத்து, மறுநாள் கொண்டுவருவது. வந்ததை எடை போட்டு, தரம் பார்த்து, கூலியைக் கொடுத்துப் பாக்கெட் போடுவது. ருசியைத் தீர்மானிக்கிற வேலை முழுக்க மையத்தில் நடக்கிறது, கையின் பழக்கத்தை நம்பியிருக்கிற வேலை மட்டும் வீட்டில் நடக்கிறது. உளுந்து மியான்மரிலிருந்து, பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து, மிளகு கேரளத்திலிருந்து என்று கொள்முதலும் ஓர் இடத்தில்தான். பாக்கெட்டைப் பிரிக்கும்போது நான் பார்க்கிற அந்த ஒரே கனம், தினமும் இரண்டு முறை தராசில் ஏறி இறங்கியதால் வருகிறது. இது தெரிந்த பிறகு "கைப்பக்குவம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நம்ம பக்கம் ஒரு மகளிர் குழுவிடம் பிரண்டை அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தோம், பெயர் வேண்டாம். முதல் தடவை வாங்கியது அப்படியொரு அப்பளம், பக்கத்து வீட்டுக்கெல்லாம் சிபாரிசு செய்தோம். அடுத்த தடவை உப்புக் கரித்தது. அதற்கடுத்தது மெல்லிசாகப் போய் எண்ணெயில் போடுமுன்னே உடைந்தது. சிபாரிசு செய்த பாவத்துக்குப் பக்கத்து வீட்டில் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. விசாரித்தால், மாவு பிசைவது முறைவைத்து ஒவ்வொரு வாரம் ஒவ்வொருவர், அளவெல்லாம் அவரவர் கைப்பிடி. ஒருவர் கைப்பிடி பெரிது, ஒருவர் கைப்பிடி சிறிது, அவ்வளவுதான் விஷயம். ஆட்கள் மேல் தப்பே இல்லை, எல்லோருமே நன்றாகச் சமைக்கிறவர்கள், அதுதான் சிக்கலும். தராசு இருந்தது, கண்காட்சி ஸ்டாலில் பாக்கெட்டை நிறுத்துக் கொடுப்பதற்காக. உப்பை நிறுக்க அதை யாரும் எடுத்ததில்லை.

அவர்கள் கணக்கு நோட்டையும் பார்த்தேன். லாபம் இருக்கிறது, பெட்டியில் பணம் இல்லை. சரக்கெல்லாம் கடைகளில், பணமெல்லாம் "அடுத்த வாரம்" என்ற ஊரில். கடனுக்குக் கொடுப்பதை நிறுத்துங்கள் அக்கா என்றேன். "சார், நீங்க ஈஸியா சொல்லிட்டீங்க, கடனில்லாம எந்தக் கடைக்காரர் எடுப்பார்?" என்றார் குழுத் தலைவி. நியாயமான கேள்வி. லிஜ்ஜத்தில் விநியோகஸ்தர்கள் முன்பணம் கட்டிவிட்டு, ரொக்கத்துக்குத்தான் சரக்கு எடுக்க வேண்டும். அவர்களால் அப்படிக் கேட்க முடிகிறது, ஏனென்றால் சரக்கு ஒரே மாதிரி இருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும், எடுத்தால் விற்றுவிடும். ஆக உப்பைச் சரியாக நிறுத்தால்தான் ரொக்கம் கேட்க வாய் வரும், ரொக்கம் வந்தால்தான் உறுப்பினருக்கு மறுநாளே கூலி கொடுக்க முடியும், கூலி வந்தால்தான் அவர் நாளைக்கும் வருவார். இதை ஒரு சங்கிலியாகப் பார்க்காமல் மார்க்கெட்டிங் தனி, தரம் தனி, நிதி தனி என்று பயிற்சி வகுப்புகளில் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் ஐஃபாட் (ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம்) நிதியுதவியோடு தொடங்கின. இத்தனை வருஷத்தில் சேமிப்பு, வங்கிக் கடன், திருப்பிக் கட்டுவதில் ஒழுங்கு, இதிலெல்லாம் நம் பெண்கள் சாதித்தது சின்ன விஷயமில்லை. ஆனால் சேமிக்கிற குழு வேறு, சரக்குச் செய்து விற்கிற குழு வேறு. முதலாவதில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவரையொருவர் நம்பினால் போதும். இரண்டாவதில் முகம் தெரியாத ஒருத்தி, ஐந்நூறு மைல் தள்ளி, உங்கள் பாக்கெட்டை நம்ப வேண்டும். ஊறுகாய், மசாலாப்பொடி, சோப்பு, மெழுகுவர்த்தி, துணிப்பை என்று ஒரே குழு ஆறு சாமான் செய்து மேஜையில் பரப்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்களேன் என்பதுதான்.

லிஜ்ஜத்தும் வேறு இடத்திலும் வேறு சாமானிலும் கை வைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. 1961-இல் மலாடில் ஒரு கிளை திறந்து பார்த்து ஓடவில்லை. பிற்பாடு தீப்பெட்டி, தோல் பொருள், அகர்பத்தி எல்லாம் முயன்று விட்டுவிட்டார்கள். சாசா சோப்புத்தூள் நிலைத்தது, மசாலா நிலைத்தது, காக்ரா என்கிற மொறுமொறு ரொட்டி நிலைத்தது. தோற்றதை மூடுவதற்கு அவர்கள் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை, பாப்பட் பின்னால் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்ததால் அந்தத் தைரியம். 1962-இல் பெயர் வைக்கப் போட்டி நடத்தி, "லிஜ்ஜத்" என்று சொன்ன உறுப்பினருக்குக் கொடுத்த பரிசு ஐந்து ரூபாய். லோகோவுக்கு லட்சம் கொடுத்துவிட்டு மூலப்பொருளுக்குக் கடன் தேடுகிற ஸ்டார்ட்அப் தம்பிகளும் என்னிடம் கணக்கெழுத வருகிறார்கள், அவர்களிடம் இந்த ஐந்து ரூபாயைச் சொன்னால் முகம் சுருங்கும்.

எல்லாமே பூரிப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், ஒரு இடத்தில் எனக்குக் கேள்வி உண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் உரிமையாளர்கள், லாபமும் நஷ்டமும் பங்கு, ஆண்கள் வேலைக்கு இருக்கலாம், உறுப்பினராக முடியாது, எல்லாம் சரி. ஆனால் வீட்டில் வைத்து இடுவது என்றால் பட்டறை வாடகை, கரண்டு, காயவைக்கிற இடம், இதெல்லாம் இடுகிற பெண்ணின் வீட்டுக் கணக்கில் போய்விடுகிறது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு வருமானம் வருகிறது என்பது பெரிய நன்மைதான், குந்தி உட்கார்ந்து குழவி உருட்டுகிற முதுகுக்கும் அந்த ஒண்டுக்குடித்தன வீட்டின் பாதி இடத்துக்கும் கூலியில் என்ன விலை என்பதையும் எழுதிப் பார்க்க வேண்டும். வீட்டுமுறைத் தொழில் எதற்கும் பொருந்துகிற கேள்வி இது, நம் ஊர் பீடி, பூக்கட்டு, அப்பளம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இடையில் ஒரு வேடிக்கை. பாப்பட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2021-இல் தொழிலதிபர் ஹர்ஷ் கோயங்கா, வட்டப் பாப்பட்டுக்கு வரி இல்லை, சதுரப் பாப்பட்டுக்கு வரி உண்டு, என்ன தர்க்கமோ என்று ட்விட்டரில் போட்டுவிட, எந்த வடிவமாக இருந்தாலும் வரி இல்லை என்று மறைமுக வரி வாரியமே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரம் என்னிடம் வந்த அப்பள வியாபாரி ஒருவர் கவலையோடு, "நம்மளது நெளிஞ்சிருக்கே சார், அது வட்டத்துல வருமா?" என்று கேட்டார்.

இனி வாங்குகிறவர்களுக்கு. முதல் தடவை என்றால் உளுந்து வாங்குங்கள், பெருங்காய வாசனையும் மிளகும் அளவாக இருக்கும், பெரியவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும். பஞ்சாபி மசாலாவில் மிளகு நறுக்கென்று நிற்கும், குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது யோசித்துக் கொடுங்கள். பூண்டு வகையைச் சுடும்போது வாசனை தெருமுனை வரை போகும், விருந்தாளி வருகிற நேரத்தில் சுட்டால் வந்தவர்கள் கிளம்பமாட்டார்கள். பாசிப்பருப்பு சாது, ரசத்துக்கு அது ஒன்றுதான் ஒத்துப்போகும். மைக்ரோவேவில் வைப்பவர்கள் இரண்டு பக்கமும் எண்ணெய் தொட்டுத் தடவினால் பொரித்த மாதிரி வரும், ஆனால் அடுப்புத் தீயின் புகைவாசம் வராது. உப்பு எந்தப் பாப்பட்டிலும் அதிகம், அப்பளக்காரமும் சேர்ந்திருக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது, நான் இரண்டோடு நிறுத்துகிறேன்.

பாக்கெட்டைப் பிரித்தால் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். காற்றுப் பட்டால் ஓரம் வறண்டு, எடுக்கும்போதே நொறுங்கும். ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியாது. கடையில் வாங்கும்போது பாக்கெட்டை லேசாக வளைத்துப் பாருங்கள், புதுச் சரக்கு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வளையாமல் விறைத்து நின்றால் வெயில் படுகிற அலமாரியில் நாளாகக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம், பின்வரிசையிலிருந்து வேறு பாக்கெட் கேளுங்கள்.